பெரிய மட்டி வாங்கினால் கறி அதிகமா?

கேள்வி: வேலூர் மீன் மார்க்கெட்டில் ஒரே கிலோ விலைக்கு இரண்டு குவியல் மட்டி இருந்தது. ஒன்று பொடிசு, இன்னொன்று உள்ளங்கை அகலம். அலையாத்திக் காட்டு மட்டி என்றார்கள். பெரியதை வாங்கினேன், வேகவைத்தால் கைப்பிடிக் கறிகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா? (காட்பாடி வாசகர்)

பதில்: எடையில் ஏமாற்று இல்லை. மட்டியில் காசு பெரும்பாலும் ஓட்டுக்கும் உள்ளிருக்கும் தண்ணீருக்கும்தான் போகிறது. கிலோவுக்கு 100 கிராம் கறி தேறினாலே நல்ல சரக்கு.

நீங்கள் பார்த்தது இரண்டு வகை. அலையாத்திச் சேற்று மட்டி 8-10 செ.மீ. வரை வளரும். கழிமுகத்து வழவழ மட்டி பெரும்பாலும் 3-5 செ.மீ.தான். அளவை வைத்து வயதையும் சொல்ல முடியாது. தண்ணீரை வடிகட்டித்தான் மட்டி இரை எடுக்கும். ஓதம் ஏறும்போது மட்டும் நனையும் மேட்டுச் சேற்றில் இருப்பதற்கு இரை நேரம் குறைவு, வளர்ச்சியும் மந்தம். ஆனால் ஓடு தடித்துக்கொண்டே போகும். விளிம்பை ஒட்டி வரிகள் நெருங்கிக் கிடந்தால் அது கிழட்டு மட்டி. மூட்டுப் பக்கம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிவது சேற்றின் அமிலம் அரித்தது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முட்டையிட்டு முடித்த மட்டியும் உள்ளே சூம்பித்தான் இருக்கும்.

அடுத்த முறை கால் கிலோ வாங்கி வேகவைத்து, கறியை நிறுத்துப் பாருங்கள். கிலோ 200 ரூபாய் என்று வைத்தால், கிலோவுக்கு 80 கிராம் தேறும் மட்டியில் கறியின் விலை கிலோ 2,500. 120 கிராம் தேறினால் சுமார் 1,670. பொடிசு மலிவாக முடிவதும் உண்டு.

கடற்கரையிலிருந்து வேலூருக்கு வர நேரமாகும், வெயிலும் சும்மா விடாது. வாய் திறந்ததைத் தட்டிப் பாருங்கள், மூடாவிட்டால் செத்தது. மூடியிருந்தும் மற்றதைவிடக் கனமாக இருந்தால் உள்ளே சேறு மட்டுமே இருக்கலாம். ஒன்று போதும், குழம்பு முழுக்க நறநறக்கும். பாலிதீன் பையில் கட்டாமல் ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸ் உருகிய தண்ணீர் படாமல் கொண்டுபோங்கள். வீட்டில் லிட்டருக்கு 20 கிராம் கல் உப்பு கரைத்து 3 மணி நேரம் வைத்தால் மண்ணைக் கக்கும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். வெறும் நல்ல தண்ணீரில் போட்டால் வாயை இறுக்கிக்கொள்ளும், அப்படியே செத்தும் போகும்.

வெந்தபின் வாய் திறக்காததைத் தூக்கி எறியுங்கள். சில கடல் பாசிகளின் நஞ்சு மட்டியில் சேரும், அது கொதிக்க வைத்தாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று 3 பேர் இறந்தார்கள். உதடு, நாக்கு மரத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.