சுவர் இடிஞ்சா கம்ப்யூட்டர் ஏன் நிக்குது?

கே: மைன்கிராஃப்ட் கேம்ல எங்க அப்பத்தா வீட்டை முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு அப்படியே கட்டிருக்கேன். நிஜமா இடியுற மாதிரி காட்டுற பிசிக்ஸ் மாட் (கேமோட சேர்க்குற துணைச் செயலி) போட்டதுலேர்ந்து சுவரை இடிச்சா எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 90லேர்ந்து 10க்கு விழுது, மாட் இல்லாட்டி நல்லா ஓடுது. கடைல ரேம் 8 ஜிபி பத்தாது, கிராஃபிக்ஸ் கார்டையும் மாத்துன்னு 24,000 சொல்றாங்க. வாங்கலாமா? – காரைக்குடி

ப: வாங்காதீங்க தம்பி. மாட் இல்லாம 90 ஓடுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் கார்டு என்ன பாவம் பண்ணுச்சு? சாதாரணமா பிளாக்கை உடைச்சா அது மறைஞ்சிரும், இந்த மாட் அதைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொண்ணும் எங்க விழுது எதுல மோதுதுன்னு கணக்குப் போடும், வளவுல டிஎன்டி வெடி வச்சீங்கன்னா நூத்துக்கணக்குல துண்டு, அத்தனை கணக்கும் பெரும்பாலும் ப்ராசஸர் தலையிலதான். மாட் செட்டிங்ஸ்ல துண்டு எண்ணிக்கையையும் அது கிடக்குற நேரத்தையும் குறைங்க. வெளிச்சம், நிழலைக் கூட்டிக் காட்டுற ஷேடர் இருந்தா நிறுத்திப் பாருங்க. ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

ரேம் சந்தேகம்னா எஃப்3 அமுக்குங்க, வலப்பக்கம் மேல மெம்னு சதவீதம் வரும். அது 100ஐத் தொட்டுத் தொட்டு இறங்குறப்பல்லாம் ஆட்டம் நின்னு நின்னு போச்சுன்னா கேமைத் திறக்குற லாஞ்சர்ல, கேமுக்கு எவ்வளவு ரேம்னு சொல்ற எக்ஸ்எம்எக்ஸ் வரில 2ஜின்னு இருந்தா 4ஜி ஆக்குங்க. 8 இருக்கேன்னு எட்டையும் தூக்கிக் கொடுத்தா விண்டோஸ் எங்க போகும்?

நானும் ஒரு தடவை கேம் தொங்குதுன்னு ரேமு, பவர் சப்ளைன்னு 7,500 ரூபா அழுதேன், கடைசில பார்த்தா மானிட்டர் வயர் கார்டுல இல்லாம மதர்போர்டுல சொருகிருந்துச்சு.

கே: போன்ல காசு கொடுத்து மைன்கிராஃப்ட் வாங்கிட்டேன். அதுல இந்த மாட் போட முடியுமா? – தேவகோட்டை

ப: முடியாது. இது கம்ப்யூட்டர்ல ஓடுற ஜாவா எடிஷனுக்கு மட்டும்.

கே: பேரனுக்கு மதுரைல ஒரு கடைல ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டுன்னு 6,500க்கு செகண்ட்ஸ் வாங்கினேன். கார்டைச் சோதிக்குற ஜிபியு-இசட் செயலில போட்டுப் பார்த்தா போலின்னு காட்டுதாம். பத்து நாள்தான் ஆச்சு. கடைக்காரர் பில்லைத் திருப்பிக் காட்டுறார், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ – பள்ளத்தூர்

ப: ஆச்சி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஏதோ பழைய கார்டோட பயாஸை (கார்டுக்குள்ளயே பதிஞ்சிருக்குற மென்பொருள்) மாத்தி எழுதி, பேரைப் பொய்யா சொல்ல வச்சிருக்காங்க. கடைக்காரர்களே ஏமாறுறது உண்டு, அதுக்காக நட்டம் உங்க தலையில விழணுமா?

அந்த ஒத்தை வரி இருக்கே, அதைப் பார்த்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சா சட்டம் ஆயிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு இல்லாட்டி 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்கிப் பணம் கொடுக்க மறுத்தா அது முறையற்ற வணிகம். பில்லு கொடுக்காததும் அப்படித்தான். காரைக்குடில பழைய சாமான் கடைல பர்மா தேக்குன்னு 18,000க்கு ஒரு அலமாரி வாங்கினேன், ரெண்டு மழைல ஓரம் உப்பி உள்ள பிளைவுட் பல்லைக் காட்டுச்சு, பில்லு கேட்டப்ப “நமக்குள்ள என்னண்ணே பில்லு”ன்னவர்கிட்ட போய் என்னத்த நிரூபிக்க? உங்ககிட்ட பில்லு இருக்கு ஆச்சி, பத்திரமா வைங்க. கடைக்கு ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்க. மசியலேன்னா சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு. கடை மதுரைல இருந்தாலும் நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல.

கே: பிசிக்ஸ் மாடோட ப்ரோ வெர்ஷன்னு ஒருத்தர்கிட்ட 300 ரூபாய்க்கு வாங்கினேன். ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னார், பண்ணினேன். இப்ப மெயில் திறக்க மாட்டேங்குது. – கானாடுகாத்தான்

ப: திருடன் வந்து நாயைக் கட்டிப்போடுன்னா கட்டிப்போடுவீங்களா? வேற மெஷின்லேர்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்துங்க, பேங்க்கு உட்பட. காசு போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. விண்டோஸை அழிச்சுப் புதுசா போடுங்க. இலவச வெர்ஷன் மாட்ரின்த்ங்குற இணையதளத்துல சும்மாவே கிடக்கு.