ரத்தப் புற்று கட்டியாக வந்தால்: கேள்வி பதில்

ஆய்வகத்தில் இருபது வருஷம் திசு பார்த்தவள் நான். தலை, கழுத்தில் கட்டியாக வரும் ரத்தப் புற்றான ‘மைலாய்ட் சார்கோமா’ பற்றிக் கேளுங்கள்.

பொங்கோல் வாசகி: அக்கா, தம்பி மகனுக்குக் கண்ணுக்குப் பின்னால் கட்டி. ரத்தப் புற்று என்கிறார்கள். ரத்தத்தில் வருவது கட்டியாகுமா?

ஆகும்மா. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் முதிர வேண்டிய இளம் செல்கள் வெளியே வந்து ஓரிடத்தில் குவிந்துவிடுகின்றன. கண்குழி, ஈறு, மூக்கு, கழுத்து, எங்கும் வரலாம். ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் பர்ன்ஸ் 1811லேயே இதை எழுதிவைத்தார். 1853ல் ‘குளோரோமா’, பச்சைக் கட்டி, என்று பெயர் வந்தது. எல்லாக் கட்டியும் பச்சையாக இருக்காது. நான் ஒன்று பார்த்திருக்கிறேன்: வெட்டியதும் உள்ளே பாசிப்பயறு நிறம். குறிப்பெழுதி நிமிர்வதற்குள் மங்கிவிட்டது. செல்லுக்குள் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதிதான் அந்த நிறம்.

உட்லண்ட்ஸ்: கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இதுவா?

பெரும்பாலும் தொண்டை, பல் தொற்றுதான். இரண்டு வாரத்தில் வடியாவிட்டால் பாலிகிளினிக் போங்கள். கூடவே ஈறு வீக்கம், ரத்தக் கசிவு, ஓயாத களைப்பு இருந்தால் காத்திருக்காமல் ரத்த அணு எண்ணிக்கை பாருங்கள்.

யீஷூன்: முதலில் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்று, என்றார்கள், இப்போது மாற்றிச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

சாயமேற்றிப் பார்த்த பிறகு சொன்னதை. வெறும் நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மைலோபெராக்சிடேஸ் நொதியையும், இளம் செல்லின் மேல் இருக்கும் சிடி117 என்ற புரதத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஜூரோங்: அண்ணனுக்குக் கட்டியை எடுத்தாச்சு. மஜ்ஜையும் சுத்தம். அப்புறம் எதற்குக் கீமோ?

அந்தச் சுத்தத்தை நம்பி விட்டுவிடாதீர்கள். சும்மா விட்டால் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் முழு ரத்தப் புற்றாகிவிடும். அதனால்தான் ரத்தப் புற்றுக்குரிய கீமோவையே கொடுக்கிறார்கள்.

ஜூரோங்: மாமாவுக்குத் தைராய்டு கட்டியை வெட்டியதோடு சரியாகிவிட்டதே?

அது அந்த உறுப்பில் பிறந்த கட்டி. இதன் வேர் ரத்தம் ஊறும் இடத்தில். கிளையை வெட்டினால் வேர் போகுமா? தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

தெம்பனிஸ்: கழுத்தில் நெறி...

உட்லண்ட்ஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பிடோக்: சளி பச்சையாக வருகிறது, இதுவா?

இல்லை. சளியைப் பச்சையாக்குவதும் அதே நொதிதான், ஆனால் பச்சைச் சளி இந்த நோயின் அறிகுறி அல்ல.

ஜூரோங்: சரி அக்கா, கீமோவுக்கு நாள் குறித்துவிட்டோம். அதற்குள் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடலாமா?

நாள் குறித்தது நல்லதுப்பா. ஆனால் ரத்தநோய் மருத்துவரைக் கேட்காமல் பல்லில் கை வைக்காதீர்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தால் ரத்தம் நிற்காது.