தத்துவ ஆசிரியரின் வாதத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பலமுறை படித்தும் வாதம் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முடிவிலிருந்து. ஆசிரியர் உங்களை எதற்கு ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு 'ஏனெனில்', 'ஆகவே' வரும் இடங்களைக் குறித்து, ஆதாரக் கூற்றுகளுக்கு எண் போடுங்கள். எண் பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் உதாரணங்களையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள்.

கேள்வி: தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-இல் பஞ்சம் பற்றி வெளியிட்ட கட்டுரையில், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டால் இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். அதுதானே வாதம்?

பதில்: இல்லை, அது எடுத்துக்காட்டு. வாதம் வேறு. ஒன்று, உணவும் உறைவிடமும் மருத்துவமும் இல்லாமல் வாடுவதும் சாவதும் தீங்கு. இரண்டு, அதற்கு ஈடான ஒன்றை இழக்காமல் ஒரு தீங்கைத் தடுக்க முடிந்தால் தடுத்தே ஆக வேண்டும். பாரம் முழுவதும் இரண்டாவதில்தான். குழந்தையைத் தூக்கினால் நமக்குப் போவது என்ன? உடையில் சேறு படும், அவ்வளவே. அதாவது 'சிறு இழப்பென்றால் உதவு' என்பதை மட்டுமே குளம் தாங்கும். 'ஈடான இழப்பு வரும்வரை கொடு' என்பதைத் தாங்காது. சிங்கரே இரண்டாம் கூற்றின் மிதமான வடிவம் ஒன்றையும் தருகிறார். எந்த வடிவத்துக்கு எந்த ஆதாரம் என்று பிரிக்காமல் எழுதும் விமர்சனம் இங்கேதான் சறுக்கும்.

கேள்வி: தன் கருத்துக்கு எதிரானதை ஆசிரியரே எழுதுகிறாரே?

பதில்: அது பூர்வபட்சம், அதாவது மறுப்பதற்காக முதலில் எடுத்துவைக்கும் எதிர்த்தரப்பு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் (பிறர் தரப்பு) என்று ஒரு பகுதியே இதற்கு உண்டு. 'என்று சொல்வாருண்டு' போன்ற தொடர் வந்தால் ஓரத்தில் 'எதிரி' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிரியின் கூற்றை ஆசிரியர் தலையில் கட்டிவிடுவீர்கள். அடுத்து, அவர் பதில் எந்த வகை? ஆட்சேபத்தின் அடிப்படையை மறுக்கிறாரா, தன் கூற்றைச் சுருக்குகிறாரா, வேறுபாடு காட்டுகிறாரா? வேறுபாடு என்றால், அதற்குத் தனிக் காரணம் தருகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: வட்ட வாதத்தைக் கண்டுபிடிக்க வழி?

பதில்: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதைத் தாங்கும் எண்ணை எழுதுங்கள், புறப்பட்ட எண்ணுக்கே திரும்பினால் வட்டம். 1641-இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் மீது, அவர் காலத்து விமர்சகர் ஆர்னோ வைத்த குற்றச்சாட்டு இதுவே: தெளிவாக உணர்வது உண்மை, காரணம் அதற்குக் கடவுள் உத்தரவாதம்; கடவுள் உண்டு, காரணம் அதைத் தெளிவாக உணர்கிறோம். உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இப்போது தெளிவாக உணர்வது வேறு, முன்பு உணர்ந்ததாக நினைவில் இருப்பது வேறு. கடவுளின் உத்தரவாதம் பின்னதற்கே என்பது தெகார்த்தின் பதில். அதையும் சோதித்த பிறகே எழுதுங்கள்.

கேள்வி: 'ஏற்க முடியவில்லை' என்று முடிக்கலாமா?

பதில்: கூடாது. எண்ணைச் சொல்லுங்கள்: மூன்றாம் கூற்று பொய்யா, அல்லது எல்லாக் கூற்றுகளும் உண்மையாக இருந்தும் முடிவு பிறக்கவில்லையா?