கேளுங்க, சொல்றோம்: புகைபோக்கியே இல்லாத கல் வீடு

கேள்வி: ஸ்காட்லாந்து பக்கம் லூயிஸ் தீவுல ஒரு பழைய கல் வீட்டு போட்டோ பார்த்தேன். புகைபோக்கி இல்ல, கூரை சுவரைத் தாண்டி வெளியவே வரல, மழைத்தண்ணி நேரா சுவர் உள்ளதானே இறங்கும்? வீடு கட்டத் தெரியாதவங்க கட்டினதா?

பதில்: நல்லா தெரிஞ்சவங்க கட்டினதுதாங்க. நீங்க பார்த்தது பிளாக்ஹவுஸ். ஆர்னால் கிராமத்துல 42ஆம் நம்பர் வீடு இதுல ரொம்ப பிரபலம். பார்க்க ஆயிரம் வருஷப் பழசு மாதிரி இருக்கும், ஆனா கட்டினது 1880 வாக்குலதான்.

அங்க அட்லாண்டிக் காத்துதான் பெரிய வில்லன், கூரை வெளிய நீட்டிட்டு இருந்தா அப்படியே பிய்ச்சுட்டுப் போயிரும், அதனால கூரையை உள்சுவர் மேல உக்கார வச்சு, மூலைகளை உருண்டையா விட்டு, வேய்ஞ்ச கூரைக்கு மேல கயிறு போட்டு, கயித்து நுனியில கல்லு கட்டித் தொங்க விட்டுட்டாங்க. சுவர்ங்கறது உண்மையில ரெண்டு சுவர், சாந்தே இல்லாம அடுக்கின கல்லு, நடுவுல மண்ணை அடைச்சிருப்பாங்க. நீங்க சொன்ன மாதிரி தண்ணி அந்த மண்ணுக்குள்ளதான் இறங்கும், ஆனா ஈரமான மண்ணு இடுக்கையெல்லாம் அடைச்சு காத்தை உள்ள விடாது. சுவர் உச்சியில புல்லு முளைச்சு அதை மேய ஆடு ஏறி நிக்கறதும் உண்டு!

புகைக்கு வருவோம். நடுவீட்டுல தரையிலயே பீட் எரியும் (சதுப்பு நிலத்துல வெட்டிக் காய வச்ச எரிபொருள்). புகை மெதுவா கூரை வழியா கசியும், பூச்சி அண்டாது. கரி ஏறின பழைய கூரையைப் பிரிச்சு வயலுக்கு உரமாப் போடுவாங்க. மாடும் அதே கூரைக்குக் கீழதான், தரைச் சரிவோட தாழ்ந்த பக்கத்துல, அதோட சூடும் வீட்டுக்குத்தான். எல்லாம் சரி, ஆனா கண்ணு எரிச்சலும் இருமலும் அவங்களுக்குத்தானே தெரியும், ரொம்பவும் புகழ வேண்டாம்.

மரம் அபூர்வம், கடல்ல ஒதுங்கின கட்டையைக்கூட விடமாட்டாங்க. குடிமாறிப் போறப்ப கூரைக் கட்டைகளைக் கழட்டிட்டு, கல்லை மட்டும் விட்டுட்டுப் போவாங்களாம்.

கேள்வி: இன்னும் ஆள் இருக்காங்களா?

பதில்: 42ஆம் நம்பர்ல 1966 வரைக்கும் குடும்பம் இருந்துச்சு, இப்ப மியூசியம். அங்க இன்னும் பீட் நெருப்பு போடறாங்க, சும்மா ஷோவுக்கு இல்ல, அந்தச் சூடும் புகையும் இல்லன்னா ஈரம் ஏறி கூரை மக்கிடும்.