பழைய கடல் வரைபடங்கள்: கேட்டதும் சொன்னதும்

ஏரலிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, பழைய கிரேக்க அறிஞர் தாலமியின் வரைபடத்தில் கொற்கை கடலோரத்தில் இருக்கிறது. இங்கே கடலையே காணோமே, தப்பாகப் போட்டுவிட்டாரா?

கொற்கை விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அது துறைமுகம்தான். அப்புறம் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கரை கிழக்கே சில கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு போனது: கொற்கை, காயல், கடைசியில் தூத்துக்குடி. மார்க்கோ போலோ எழுதிய காயல் நம் பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கருத்து.

தாலமி சறுக்கியது வேறு இடத்தில். இந்தியாவின் தெற்குக் கூம்பே அவரிடம் இல்லை. மேற்குக் கரை ஏறக்குறைய கிழக்கு நோக்கிப் படுத்துக் கிடக்கும். இலங்கையோ பல மடங்கு பெரியது. இன்னொன்று, அவர் கையால் போட்ட படம் எதுவும் மிஞ்சவில்லை. ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைப் பட்டியல்தான் கிடைத்தது. நாம் பார்ப்பதெல்லாம் அதை வைத்துப் பிற்காலத்தார் போட்டவை.

பாளையங்கோட்டை மாணவி: வடக்கு தெற்கு ஓரளவு சரியாக இருக்கும்போது கிழக்கு மேற்கு மட்டும் ஏன் இவ்வளவு பிசகுகிறது, சார்?

நல்ல கேள்வி. வடக்கு தெற்கைச் சொல்லும் அட்சரேகைக்கு வானம் போதும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அதுவே அட்சரேகை. தூத்துக்குடியில் 9 டிகிரிகூட வராது. இதை அளக்க நம் மாலுமிகளிடம் ராப்பலகை இருந்தது. சின்னப் பலகை, நடுவில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிப்பார்கள். எந்த முடிச்சு என்பதுதான் கணக்கு.

கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகைக்கோ, கப்பல் நிற்கிற இடத்தின் நேரத்தோடு ஒப்பிடப் புறப்பட்ட ஊரின் நேரம் தெரிய வேண்டும். கடிகாரம் 4 நிமிடம் தவறினால் 1 டிகிரி போச்சு. நம் பக்கத்தில் அது சுமார் 110 கிலோமீட்டர்! ஆடுகிற கப்பலிலும் ஒழுங்காக ஓடும் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761-இல்தான் சோதனைக்குக் கப்பலேறியது.

மணப்பாட்டிலிருந்து: கடல் நடுவே வலை மாதிரிக் கோடுகள், அவை கப்பல் பாதைகளா?

இல்லை. திசைக்கோடுகள். திசைகாட்டி வைத்து நேராக ஓட்ட உதவுபவை.

தூத்துக்குடியிலிருந்து: கரையோரம் குட்டி குட்டி எண்கள்?

ஆழம். ஆங்கிலேயர் படமென்றால் பெரும்பாலும் பாகக் கணக்கு. ஒரு பாகம் 6 அடி. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவிக் கயிற்றில் இறக்குவார்கள். ஒட்டி வருவது மணலா, சேறா என்று அதையும் குறிப்பார்கள். எதுவும் ஒட்டாவிட்டால் அநேகமாகப் பாறை. என்னைக் கேட்டால், படத்தின் அழகான ஓரச் சித்திரங்களைவிட இந்த எண்கள்தான் உயிர் காத்தவை.

மறுபடி ஏரல்: கடையில் பழைய கடல்படம் என்று விற்கிறார்கள், நம்பலாமா?

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இக்கால அச்சு. செப்புத்தகட்டு அச்சில் கோடு முழுசாக இருக்கும், தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்தியும் இருக்கும்.