கோத்தகிரி வீட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் டி.எம்.எஸ்., சுசீலா காலத்து ரெக்கார்டுகளையும் கேசட்டுகளையும் எப்படிக் காப்பாற்றுவது?

பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு, பீரோவில் அப்பா சேர்த்த 40 ரெக்கார்டு, 100 கேசட், எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். "பாடுதான்னு பார்ப்போம்" என்று ஒரு கேசட்டை டெக்கில் தள்ளினால் பூஞ்சை ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பாகம்) ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தால் நாடா அறுந்தும் விடும்.

அடுத்து, எதை முதலில் எடுப்பது என்று தீர்மானியுங்கள். டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, பி.பி.ஸ்ரீநிவாஸ், எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய பிரபலமான சினிமாப் பாட்டுகள் இன்று இணையத்தில் நல்ல தரத்திலேயே கிடைக்கின்றன. அவை கடைசியில் இருக்கட்டும். வீட்டில் பதிந்த கேசட்டுகள்தான் முதல்: ரேடியோ சிலோனிலிருந்து அறிவிப்பாளர் குரலோடு பிடித்தவை, ஊர்த் திருவிழா மெல்லிசைக் குழு, நீலகிரிப் படுகர்களின் ஹெத்தை பண்டிகையில் பதிந்த படுகப் பாட்டு. இவற்றுக்கு வேறு பிரதியே இருக்காது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நிறைந்த பகுதி என்பதால் ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றவர்களின் சிலோன் பொப் பாட்டுகளும் அகப்படலாம். அவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். ரெக்கார்டுகளில் நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி.கிட்டப்பா பெயர் தென்பட்டால் தனியாக எடுத்து வையுங்கள். 1933இல் 27 வயதிலேயே போய்விட்டார். அந்தக் குரல் மிஞ்சியது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய '78' ரெக்கார்டுகளில் மட்டும்தான்.

வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அதிகம் நனைப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை துடைத்தாலும் பூஞ்சை திரும்ப வரும். கேசட்டுகளை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் வையுங்கள். 20 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் தாராளமாகப் போதும். நிறம் மாறியதும் ஜெல்லை எடுத்துச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். கேசட்டுக்கும் ரெக்கார்டுக்கும் வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். கணப்படுப்புக்குப் பக்கத்தில் ரெக்கார்டை வைப்பது இந்த ஊரில் நடக்கிற தப்பு: 60 டிகிரியை நெருங்கினாலே எல்.பி. (78க்குப் பிறகு வந்த வினைல் ரெக்கார்டு) நெளிந்துவிடும். காய்ந்த பூஞ்சையை என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள்.

கேசட்டில் ஐந்து ஸ்க்ரூ இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. திறந்து, நாடா சுற்றின் ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் துடைக்கலாம். உள்ளே செம்புப் பட்டையில் ஒரு குட்டி ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கும், ஏறி இறங்கும். பலர் நாடா போய்விட்டது என்று தூக்கி எறிவது இந்தக் கோளாறுக்காகத்தான். ஸ்க்ரூ வைத்த வேறொரு கேசட்டின் கூட்டை எடுத்து, நாடாவை அதில் மாற்றிவிடுங்கள். ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் இணைப்பு வழியே கத்தி முனையால் பிளந்து, நாடாவை மட்டும் இடம் மாற்ற வேண்டும். பிறகு கேசட்டின் பின் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டி பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. பாடவிடும் முன் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள்.

டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு கேசட்டுக்கும் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் ஒலி தெளிவதும் மங்குவதும் காதுக்கே தெரியும். சுசீலாவின் 'ச', 'ஸ' கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் பதிந்த கேசட் ஒவ்வொன்றுக்கும் இந்த இடம் வேறுபடும்.

ரெக்கார்டுக்கு வருவோம். கனமாக, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வந்தால் அது 78, அரக்குத் தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், மர பாலிஷ் போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே 78இல் ஆல்கஹால் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று சொட்டு பேபி ஷாம்பு, மென்மையான பெயின்ட் பிரஷ், கோடு போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்ப்பு. லேபிள் நனையக்கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். எல்.பி.க்கும் இதே முறைதான். பூஞ்சை பிடித்த உள்ளுறைக் காகிதத்தை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

78க்கு 3 மில் முள் வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்.பி.யின் 1 மில் முள் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். டி.எம்.எஸ்.ஸின் திறந்த குரல் அந்த இரைச்சலையும் மீறி வந்துவிடும், பி.பி.எஸ்.ஸின் தாழ்ந்த குரல் மூழ்கிவிடும். டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லையென்றால் 45இல் ஓடவிட்டுப் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் வேகத்தை 73.3 சதவீதம் கூட்டுங்கள். வேகம் 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக்கட்டை தள்ளிப்போகும். பழைய ஸ்பிரிங் கிராமபோனில் போடவே போடாதீர்கள், அந்த இரும்பு ஊசியின் பாரம் பள்ளத்தைத் தின்றுவிடும்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். லேப்டாப்பின் மைக் துளையில் சொருகாமல் யு.எஸ்.பி. ஆடியோ கருவி வழியே எடுங்கள். 'ம்ம்' என்று உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபலோடு நிறுத்துங்கள், மேலே போனால் பாடகரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். தொடாத மூலப் பதிவைத் தனியாக வையுங்கள், லேபிளையும் அதன் எண்ணையும் படம் பிடித்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

வேலைக்காகக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போவதென்றால், மேலேயே பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, கீழே போய் ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். குளிர்ந்த தட்டும் நாடாவும் சூடான காற்றில் திறந்தால் நீர் பூத்துவிடும்.

திரும்ப வைக்கும்போது வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், நிமிர்த்தி. ரசக்கற்பூர உருண்டை வேண்டாம், அதன் ஆவி கேசட் டப்பாவின் பிளாஸ்டிக்கை இளக்கும். நீலகிரித் தைலம் தடவினால் பூஞ்சை வராது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது பள்ளத்தில் எண்ணெயாகத் தங்கித் தூசியைப் பிடிக்கும், லேபிள் பசையையும் விட்டுவைக்காது.