லேப்டாப்பை டிவியில் மாட்டினால் படம் ஏன் கெடுகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை. கணினியில் பளிச்சென்று இருக்கிற படம், டிவிக்குப் போனதும் வெட்டுப்படுகிறது, மங்குகிறது, ஆடுகிறது. பதிலுக்குப் போகும் முன் ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன். படம் கெட்டுத் தெரிகிற அந்த நேரத்திலேயே டிவி ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு எழுத்து சுத்தமாக இருந்து, பின்னால் இருக்கிற படம் மட்டும் கோளாறாக இருந்தால் டிவியின் பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. குறை கேபிளிலோ கணினியிலோ செட்டிங்கிலோ இருக்கிறது. மெனு மேலேயும் அதே கோடு விழுந்தால் டிவியைத்தான் பார்க்க வேண்டும். பட்டறைக்குத் தூக்கி வரப்படும் டிவிகளில் பல, இந்த ஒரு சோதனையை வீட்டில் செய்திருந்தால் வந்திருக்கவே வேண்டாதவை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: 43 அங்குல டிவியில் எச்டிஎம்ஐ கேபிள் போட்டு லேப்டாப்பை இணைத்தேன். நான்கு ஓரமும் வெட்டுப்படுகிறது. கீழே டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது. கடையில் கேபிளை மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது.

கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை சார். இது பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கு போட்டதும் வோல்டேஜ் இறங்கி, டிவி படம் சுருங்கி, ஓரத்தில் கறுப்பு விழுந்தது நினைவிருக்கிறதா? அந்தக் கறுப்பு கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே படத்தைச் சட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓடவிட்டார்கள். ஓவர்ஸ்கேன் என்று அதற்குப் பெயர். இன்றைய தட்டை டிவிக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் பல டிவிகள் இன்னும் செய்துகொண்டுதான் இருக்கின்றன. சினிமா பார்க்கும்போது ஓரத்தில் நாலு விரல் போனால் யாருக்கும் தெரியாது. கணினியில் அந்த ஓரத்தில்தான் எல்லாப் பட்டனும் இருக்கிறது.

டிவியின் பிக்சர் மெனுவில் படத்தின் அளவு அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்துக்குப் போங்கள். எல்ஜி டிவியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று இருக்கும். வேறு சிலவற்றில் ‘டாட் பை டாட்’ அல்லது 1:1. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். அப்படி எதுவும் இல்லாத டிவியில், டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குக் காட்டும் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள். பெயரைப் பார்த்தே ஓரம் வெட்டுவதை விட்டுவிடுகிற டிவிகள் உண்டு.

இதற்கெல்லாம் மசியாவிட்டால் மட்டும் கணினிப் பக்கம் போங்கள். கணினியின் கிராபிக்ஸ் சிப் ஏஎம்டி என்றால் அதன் மென்பொருளில் ‘எச்டிஎம்ஐ ஸ்கேலிங்’, என்விடியா என்றால் திரையின் அளவையும் இடத்தையும் சரிசெய்யும் பக்கம் என்று வழி இருக்கிறது. ஆனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும். அங்கே படத்தைச் சுருக்கி அனுப்ப, டிவி அதை மறுபடி இழுக்க, எழுத்தின் கூர்மை போய்விடும்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி: வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். பாடத்தை டிவியில் காட்டினால் எழுத்து மங்குகிறது. இரண்டு சுழி ‘ன’வா, மூன்று சுழி ‘ண’வா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சிவப்பில் எழுதியது இன்னும் மோசம்.

உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது டீச்சர். ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினால் ஊகித்துப் படித்துவிடலாம். தமிழில் ஒரு சுழி போனால் பொருளே மாறிவிடும். இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம்.

முதலில் திரையின் அளவு, அதாவது அதில் உள்ள புள்ளிகளின் கணக்கு. லேப்டாப் திரை 1366 × 768 ஆக இருந்து, டிவி 1920 × 1080 ஆக இருந்தால், இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டும்போது பெரும்பாலும் லேப்டாப்பின் அளவே டிவிக்கும் போகும். ஒரு புள்ளியை 1.4 புள்ளியாக இழுக்க வேண்டும். அரைப் புள்ளி கால் புள்ளி என்று ஒன்று கிடையாது, அதனால் டிவி பக்கத்துப் புள்ளியோடு கலந்து பூசிவிடுகிறது. விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி, ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’யைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்கில் 1920 × 1080 வைத்துவிடுங்கள். உங்கள் டிவி 32 அங்குலம் என்றால் அதன் பேனலே 1366 × 768 ஆக இருக்க வாய்ப்பு உண்டு. பெட்டியிலோ கையேட்டிலோ பார்த்து, அந்த அளவையே கொடுங்கள்.

அடுத்தது டிவியின் பிக்சர் மெனுவில் இருக்கிற ஷார்ப்னஸ் (கூர்மை). பெயரைப் பார்த்து அதைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். டிவிக்குப் பக்கத்தில் போய் ஒரு ‘ண’வை உற்றுப் பாருங்கள். கறுப்புக் கோட்டை ஒட்டி ஒரு வெள்ளை நிழல் வரைந்தது போலத் தெரியும். அந்த நிழல்தான் சுழிக்குள்ளே இருக்கிற இடத்தை அடைக்கிறது. ஷார்ப்னஸைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் நிழல் மறைந்து சுழிகள் திறக்கும். பல டிவிகளில் அந்த இடம் 0.

மூன்றாவது சிவப்பு. சினிமா, சீரியலுக்கு வருகிற சிக்னலில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் தனித்தனியாக இருக்கும், நிறமோ நாலு புள்ளிக்கு ஒன்றுதான். முகம், மரம், புடவையில் இது தெரியவே தெரியாது. மெல்லிய சிவப்புக் கோட்டில் உடனே தெரியும். கணினி முழு நிறத்தை அனுப்பினாலும் பல டிவிகள் உள்ளே போனதும் அதைக் குறைத்துவிடுகின்றன. மேலே சொன்ன அதே மருந்துதான்: துளையின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றுங்கள், பிக்சர் மோடையும் பிசி அல்லது கிராபிக்ஸுக்கு மாற்றுங்கள். அதுவரை பாடத்தைக் கறுப்பிலேயே எழுதுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னுகின்றன. சில நேரம் இரண்டு நொடி கறுப்பாகி மறுபடி வருகிறது. கேபிளை அசைத்தால் சரியாகிறது.

அசைத்தால் சரியாகிறது என்றாலே பாதி பதில் வந்துவிட்டது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் செம்பும் பித்தளையும் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணிப் பக்கத்து வீடு ஒன்றில் பல மாதம் கழற்றாமல் கிடந்த கேபிளை உருவினேன். பிளக்கின் வாயில் பச்சைப் பொடி, விளக்கு துலக்காமல் விட்டால் படிகிற களிம்பு போலவே. டிவி, லேப்டாப் இரண்டையும் அணைத்து, கரண்ட் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷால் எச்டிஎம்ஐ கேபிள் பிளக்கின் வாயைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துளைக்குள் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள். எச்டிஎம்ஐயில் 19 பின்கள். ஒன்று மடங்கினாலும் செலவு பெரிது.

துடைத்தும் மின்னினால் கேபிளைச் சந்தேகப்படலாம். 4கே படத்தை (3840 × 2160 புள்ளி) 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை அனுப்ப நொடிக்கு 18 ஜிகாபிட் வரை தாங்கும் கேபிள் வேண்டும். அளவை 1920 × 1080-க்கு இறக்கிப் பாருங்கள். பொட்டுகள் மின்னுவது நின்றால், கேபிளால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். நீளம் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். ஆனால் ஒன்று, டிஜிட்டல் கேபிள் சிக்னலை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். தங்க முலாம் பூசியதால் நிறம் கூடிவிடாது. 2 மீட்டருக்குச் சாதாரண நல்ல கேபிளே போதும்.

மயிலாடுதுறையிலிருந்து: படம் முழுக்க ரோஸ் நிறமாக வருகிறது.

கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். போகவில்லையென்றால் கிராபிக்ஸ் செட்டிங்கில் நிற முறையை ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்று அனுப்பும் முறை) மாற்றுங்கள். கணினி ஒரு முறையில் அனுப்ப, டிவி வேறு முறையாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ரோஸும் பச்சையுமாக வரும்.

திருவாரூரிலிருந்து: பழைய கணினியை விஜிஏ என்கிற பழைய வகைப் பட வயரில் டிவியோடு இணைத்திருக்கிறேன். மங்கலான பட்டைகள் கீழிருந்து மேலே ஓடுகின்றன. ஸ்பீக்கரிலும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல்.

இரைச்சலும் பட்டையும் சேர்ந்து வந்தால் எர்த் கோளாறு. கணினியின் எர்த் ஒரு வழி, டிவிக்கு வருகிற கேபிள் டிவி வயரோ டிஷ் வயரோ இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் விஜிஏ வயர் வழியாக ஓடிப் படத்தில் ஏறுகிறது. டிவியிலிருந்து அந்த கேபிள் வயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். பட்டை மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கணினி, டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை வெட்டிவிட்டால் பட்டை போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகவும் செய்யலாம். ஆனால் கணினியின் இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்தால், அதைத் தொடுகிற கை உங்கள் வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கும். வெட்டாதீர்கள். அதற்குப் பதில் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைச் சோதியுங்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: 2006-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வாங்கிய 14 அங்குல டிவி இன்னும் ஓடுகிறது. அதில் லேப்டாப்பை இணைக்கச் சின்னக் கன்வெர்ட்டர் வாங்கினேன். படம் கறுப்பு வெள்ளையாக உருள்கிறது.

அந்தக் கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறதா? அதைப் ‘பால்’ (PAL) பக்கம் தள்ளுங்கள். அது டிவி சிக்னலின் ஒரு வகை, நம் ஊர் டிவி பால் முறை. சுவிட்ச் அமெரிக்காவின் என்டிஎஸ்சி பக்கம் இருந்தால் நிறம் போய்ப் படம் உருளும். இனி வாங்கப்போகிறவர்கள் கவனிக்க: எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி-க்கு (பழைய டிவியின் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள்) மாற்றுவது ஒன்று, ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் வகை.

படம் பார்க்க இது போதும். எழுத்தைப் படிப்பதற்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். பால் முறையில் கண்ணுக்குத் தெரிவது 576 வரிதான், லேப்டாப்பின் 768 வரியை அதில் நெருக்கினால் எழுத்து படிக்கும்படி இருக்காது.

திருவையாற்றிலிருந்து: ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடியதைக் கேமராவில் எடுத்தேன். லேப்டாப்பிலிருந்து டிவியில் போட்டால், கேமரா நகரும்போதெல்லாம் படம் விட்டு விட்டுப் போகிறது.

நம் நாட்டு முறையில் எடுத்த வீடியோ நொடிக்கு 25 படம். லேப்டாப் டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60. ஒவ்வொரு படமும் 2.4 தடவை வர வேண்டும், அது முடியாது. அதனால் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று தாளம் தப்பி வருகிறது. சங்கீதம் கேட்டுப் பழகிய கண் அதைப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ்டு டிஸ்பிளேயில் ரெஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு தடவை வரும். பார்த்து முடித்ததும் 60-க்குத் திருப்பிவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து இன்னொருவர்: இடி இடித்த மறுநாள் முதல் டிவியில் நெட்டுக்கோடு. மெனுவிலும் தெரிகிறது.

மெனுவிலும் தெரிந்தால் பேனல் அல்லது அதற்குப் போகும் போர்டு. செலவு எவ்வளவு என்று முன்னாலேயே கேளுங்கள். சின்ன டிவிக்குப் பேனல் மாற்றுவதைவிடப் புதிது வாங்குவதே கட்டுப்படியாகும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையையும் வேறொரு டிவியில் சோதித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்கத் தொடங்கும் முன்பே கரண்ட் பிளக், டிஷ் வயர், எச்டிஎம்ஐ வயர் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். பலர் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள், மின்னல் டிஷ் வயர் வழியாக டிவிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வயரில் லேப்டாப் வரை போய்விடுகிறது.